திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவே ஒரு லயத்துச் சுவர்

எனக்கு வயது எழுபத்தாறு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். அதில் ஒருத்தன் பாம்பை இடுப்புச் சாரத்தில் சுற்றி வீட்டுக்குள் கொண்டு வந்தவன். ஒருத்தி கல்யாணத்துக்கு முதல் நாள் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றவள். இந்த ஆறு பேரும் சேர்ந்து கொடுக்காத தலைவலியை, பக்கத்துக் காம்பராவில் இருந்துகொண்டு ஒரே ஒரு மனுஷன் எனக்குக் கொடுத்தார். நுவரெலியாப் பக்கத்தில், ஏன், இந்த இலங்கைத் தீவிலேயே மலைக்கோட்டையாரைப் போல ஒரு வாய்வீச்சுக்காரர் பிறந்ததில்லை. இனிமேல் ஒருத்தர் பிறந்தால், பெற்றவளுக்காக இப்போதே அழுது வைக்கிறேன்.

எனக்குக் கையெழுத்து வரும். அதற்கு மேல் எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தர்ஷினி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதடி என்றால், “பத்திரிகைக்குப் போறது அம்மாயி, அப்படியெல்லாம் எழுதக் கூடாது” என்கிறாள். சரி, என் பேச்சுக்கு அவள் புதுச்சேலை கட்டி அனுப்பட்டும். உள்ளே இருக்கிற ஆள் நான்தான்.

எங்கள் லயம் டிக்கோயாவுக்கு மேலே இருக்கிறது. ஒரே நீளக் கூரை. அதற்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டின வெள்ளைக்காரனுக்கு அவ்வளவுதான் மனசு வந்தது. அதனால் இந்தப் பக்கம் கடுகு வெடித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அந்தச் சுவருக்கு மேலே இருக்கிற இடைவெளி வழியாகத்தான் நானும் மலைக்கோட்டையாரும் எங்கள் தலைமயிர் நரைக்கிற வரைக்கும் சண்டை போட்டோம்.

சண்டை எதற்கு என்று கேளுங்கள். திருச்சி பெரிதா, மதுரை பெரிதா என்று.

ஹட்டன் பெரிதா, நுவரெலியா பெரிதா என்று சண்டை போட்டிருந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது இந்தத் தேயிலைத் தோட்டத்தில். இரண்டு பேரும் கடலைத் தாண்டினதில்லை. அவருடைய தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தார். என்னுடைய தாத்தா மதுரைப் பக்கத்திலிருந்து வந்தார். அந்தப் ‘பக்கம்’ எவ்வளவு தூரம் என்று தாத்தாக்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த இரண்டு ஊரும் இரண்டு தேசம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். போன வருஷம் தர்ஷினி போனில் படம் விரித்துக் காட்டினாள். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற தூரம்தானாம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் இப்போது அந்தச் சுவர் பேசுவதில்லை. மழைக்காலத்தில் பீலிக் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போன மனுஷன் படியில் வழுக்கி விழுந்தார். டிக்கோயா ஆஸ்பத்திரியில் வைத்து இடுப்பைச் சரிபண்ணி அனுப்பினார்கள். வாய்க்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இது எனக்குப் பெரிய அவமானம். வாதத்தைப் பாதியில் விட்டு எழுந்து போகிறவரை எப்படிச் சும்மா விடுவது? அவர் மறுபடி வாயைத் திறக்க வேண்டும். அதற்காகத்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். யாருக்கும் புத்தி சொல்ல அல்ல.

அவருக்கு மலைக்கோட்டையார் என்று பேர் வந்த கதையைச் சொல்கிறேன். அவருடைய அம்மா அப்பா வைத்த பேர் அவருக்கே மறந்திருக்கும். டிக்கோயாவில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒரு வருஷம் அவருக்கு ஒரு கலண்டர் கொடுத்தார். நானாவுக்குத் திருச்சியிலிருந்து துணி வரும், துணியோடு கலண்டரும் வரும். அதில் மலைக்கோட்டைப் படம். ஒரு பாறை, அதன் மேலே ஒரு கோயில். அவ்வளவுதான். இந்த மனுஷன் அதைக் கும்பிட்டு வாங்கி வந்து, அடுப்புக்கு நேர் எதிரே மாட்டினார். வருஷம் முடிந்து தேதியெல்லாம் செத்துப்போன பிறகும் எடுக்கவில்லை. புகை ஏறி ஏறி அந்தப் பாறை ஒரு கரிக்கட்டியாக மாறிவிட்டது. அவருக்கு மட்டும் அது பளபள என்று தெரிந்தது.

எங்கள் லயத்து வாசலில் நின்றால், மேகம் விலகுகிற நாளில் சிவனொளிபாத மலை தெரியும். எங்கிருந்தெல்லாமோ சனம் வந்து ஏறுகிற மலை. அதைப் பார்த்து இந்த மனுஷன் சொன்னார்:

“அது மலை இல்ல. மேடு.”

“என்னண்ணே, வாய் கூசாம சொல்றீங்க?”

“கோட்டை இல்லாத மலை என்னா மலை? யார் வேணா ஏறிட்டு இறங்கலாம். எங்க மலைக்கோட்டையப் பாரு. ஏறுறதுக்கே ராசாகிட்ட உத்தரவு வாங்கணும்.”

“எந்த ராசாகிட்ட?”

“அதெல்லாம் மதுரைக்காரிக்குச் சொன்னா வெளங்காது.”

நான் சும்மா இருப்பேனா? அடுத்த முறை நானா கடைக்குப் போய் மதுரைக் கோபுரம் போட்ட கலண்டர் ஒன்று கேட்டு வாங்கிவந்து சுவரின் என் பக்கத்தில் மாட்டினேன். நானா அப்போதே கேட்டார்: “பாக்கியம் அக்கா, நீங்க ரெண்டு பேரும் அங்க போனதே இல்ல தானே?” போனால் என்ன, போகாவிட்டால் என்ன நானா என்று சொல்லிவிட்டு வந்தேன். மலைக்கோட்டையார் ஒரு முக்காலி போட்டு ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டி என் கலண்டரைப் பார்த்தார். “நாலு பக்கமும் கோபுரம் எதுக்கு? ஒண்ணு விழுந்துரும்னு பயமா?” என்றார். முக்காலி ஆடியது. அதை யாராவது தட்டிவிட்டிருக்கலாம். அந்தப் பக்கம் எனக்குக் கை எட்டவில்லை.

அவர் தேயிலை ஸ்டோரில், இலை காயவைக்கிற ஆலையில், அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை பார்த்தார். நான் மலையில் கொழுந்து எடுத்தேன். ஒரு நாள் தோட்டத்து மேனேஜர் தொரை ஸ்டோரைச் சுற்றிப் பார்க்க வந்தார். மழை பிடித்து இலை காயாமல் கிடந்த நேரம். நம் ஆள் விறகைக் கீழே போட்டுவிட்டு, “தொரே, எங்க திருச்சி வெயில்ல போட்டா இதெல்லாம் அரை மணி நேரத்துல காஞ்சிரும்” என்றார். தொரை நல்ல மனுஷர். “அப்படியா, திருச்சியில் தேயிலை உண்டா?” என்று கேட்டார். “அங்க எதுக்குங்க தேயிலை? அங்கதான் காவேரி இருக்கே!” இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று தொரை இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. மார்கழிக் குளிரில் எங்கள் பக்கத்தில் புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்து நிற்கும். அவர் காது மூடுகிற கம்பளித் தொப்பி போட்டு, இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பல் தாளம் போட அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். நான் இந்தப் பக்கம் அடுப்புக்குள்ளேயே போய்விடுகிற மாதிரி குந்தியிருப்பேன்.

“எ-எ-எங்க திருச்சி வெயில் மண்டையப் பொளக்கும்.”

“எங்க மதுரை வெயில்ல க-க-கல்லு வெடிக்கும்.”

“திருச்சியில ரோட்டுல தோசை சு-சுடலாம்.”

“மதுரையில மாவ வெளிய எடுத்தாலே போதும். தோசையாத்தான் கீழ விழும்.”

அவருடைய மருமகள் செல்வி இரண்டு பக்கமும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க, கறுத்துருவீங்க” என்பாள். அடக்கமான பிள்ளைதான். பல வருஷம் அந்த வீட்டில் இருந்ததில் வாய் முளைத்துவிட்டது.

காவேரி, வைகை சண்டையை மட்டும் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. தர்ஷினி விடமாட்டேன் என்கிறாள். ஒரு பெருமழையில் தண்ணீர் ஓடுகிற கான் நிறைந்து லயத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நான் வாளியால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் முழங்கால் தண்ணீரில், சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சட்டி பானை மிதக்க மிதக்க நின்று, “இதெல்லாம் ஒரு தண்ணியா! காவேரி வர்ற வேகத்தப் பாத்திருக்கியா?” என்றார். “வைகை வந்தா உங்க காவேரி ஒதுங்கி வழி விடும்” என்றேன். சுவருக்கு மேலாக ஒரு சிரிப்பு வந்தது. “வைகையில தண்ணி எங்க இருக்கு? என் பேரன் போன்ல பாத்துட்டான். மாடு மேயுது!” வாளித் தண்ணீரைச் சுவருக்கு மேலாக ஊற்றினேன். அதுவும் ஒரு பதில்தானே.

இவரோடு பஸ்ஸில் போவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. ஒரு முறை ஹட்டனுக்குப் போகும்போது முன் சீட்டில் அவர், பின் சீட்டில் நான். சித்திரைத் திருவிழாவுக்கு நிகராகத் திருச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். மனுஷன் திரும்பி உட்கார்ந்து கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருக்கும்போது கண்டக்டர் வந்தார். சிங்களப் பையன்.

“சீயா, கொஹெத யன்னே?” எங்கே போறீங்க தாத்தா என்று.

“திருச்சி!” என்றார் இவர், சண்டைச் சூட்டில்.

“ஏக கொஹெத?” அது எங்கே இருக்கு என்று அவன் கேட்டான்.

இவர் கொஞ்சமும் கலங்கவில்லை. தெரிந்த சிங்களத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “மதுரைட்ட வடா ஹொந்த தெனக்!” மதுரையைவிட நல்ல இடமாம். அந்தப் பையன் மதுரையைக் கண்டானா, திருச்சியைக் கண்டானா? பஸ் கடைசியாக நிற்கிற இடத்துக்கு டிக்கட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் பையனுக்கு இருந்த பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் எப்போதோ சாமியார் ஆகியிருப்பேன்.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கோபுரம் கட்டினோம். சிலை வேலைக்கு இந்தியாவிலிருந்து ஒரு சிற்பியைக் கூப்பிட்டார்கள். வேலை முடிகிற வரைக்கும் சிற்பிக்குச் சாப்பாடு முறை வைத்துப் போட வேண்டும்; ஒரு நாளைக்கு ஒரு காம்பரா. இது எங்களிடம் பழைய வழக்கம். வந்த சிற்பி எந்த ஊர் என்று விசாரித்தால், திருச்சியாம்! உறையூராம்!

மலைக்கோட்டையார் அன்றைக்கு வேட்டி கட்டினார். அதற்கு முன்னால் அவர் வேட்டி கட்டி நான் பார்த்தது அவர் கல்யாணத்தில்தான். லயம் முழுக்க நடந்து, “எங்க ஊர்க்காரர் வந்துட்டாரு, இனிமே பேச்சே இல்ல, அவர் வாயால கேளுங்க” என்று சொல்லித் திரிந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே நாளில் சாப்பாட்டு முறை வருகிற மாதிரி கோயில் கமிட்டியைப் பிடித்து மாற்றினார். ஒரே இலையில் திருச்சிக் கறியும் மதுரைக் கறியும் வைப்பது, சிற்பி தீர்ப்புச் சொல்வது, தோற்றவர் அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு மேலாக வாய் திறக்கக் கூடாது. இதுதான் பந்தயம். நான் யோசிக்காமல் சரி என்றேன். சிற்பி திருச்சிக்காரர் என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

கோயில் வேலை நடக்கிறதால் மச்சம் மாமிசம் கிடையாது. அவர் செல்வியை அடுப்படியிலிருந்து விரட்டிவிட்டுத் தானே பருப்பு வைத்தார். தாத்தா காலத்திலிருந்து வருகிற அசல் திருச்சிப் பருப்பாம். நான் கத்தரிக்காய் வைத்தேன். என் பாட்டி, அம்மா, நான் என்று கை மாறி வந்த அசல் மதுரைக் கத்தரிக்காய். வாசம் சுவருக்கு மேலே போய் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியது.

சிற்பி என் காம்பராவில் வந்து உட்கார்ந்தார். சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. லயமே வாசலில் நின்றது. அவர் பருப்பைச் சோற்றில் பிசைந்தார். நடுவிலிருந்து ஒரு நீள இலையை எடுத்து மேலே தூக்கிப் பார்த்தார்.

“இது என்ன இலைங்கம்மா? எங்க ஊர்ல பாத்ததே இல்லையே.”

மலைக்கோட்டையார் சிரித்தார். “ரம்பை! ரம்பை இலை தம்பி!”

“அப்படின்னா?”

“தம்பி, நீங்க திருச்சிதானே?”

“ஆமாங்கய்யா. உறையூரு.”

“உறையூர்ல ரம்பை இல்லையா?”

“இல்லீங்கய்யா. பருப்புல தேங்காப்பால் ஊத்துறதும் எங்க வீட்ல இல்லீங்க. ஆனா நல்லா இருக்கு.”

எனக்கு உள்ளுக்குள் வெடி கொளுத்தின மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அகப்பையோடு முன்னால் வந்து, “இப்ப இந்த மதுரைக் கத்தரிக்காயச் சாப்பிடுங்க” என்றேன். சாப்பிட்டார். அதிலிருந்தும் ஒரு நீள இலையை எடுத்தார். கூடவே ஒரு துண்டு கறுவாப்பட்டை.

“மதுரையில என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கோம். அங்கயும் இப்படிச் செய்ய மாட்டாங்கம்மா” என்றார். பிறகு, நாங்கள் சந்தோஷப்படுவோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள். “ரெண்டும் ஒரே ருசிங்க. சிலோன் சாப்பாடு. ரொம்ப நல்லா இருக்கு.”

ரெண்டும் ஒரே ருசி! எங்கள் இரண்டு வீட்டையும் ஒருத்தர் இதைவிடக் கேவலமாகப் பேசியதில்லை.

மலைக்கோட்டையார் தூணைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒரே ஒரு பிடி மிச்சம் இருந்தது. மெதுவாகக் கேட்டார்: “அது இருக்கட்டும் தம்பி. மலைக்கோட்டை எவ்வளவு பெருசு? இந்தச் சனத்துக்குச் சொல்லுங்க.”

சிற்பி கையை நிறுத்திவிட்டு, வாசல் வழியாக வெளியே பார்த்தார். அன்றைக்கு வானம் வெளுத்திருந்தது. எதிரே மலை, அதற்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் சிவனொளிபாதம். அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயா, நீங்க இங்க நின்னுக்கிட்டு அதைக் கேக்குறீங்களே...” என்று ஆரம்பித்தார்.

நான் ஒரு அகப்பை சோற்றை அவர் இலையில் கொட்டினேன். “சாப்பிடுங்க தம்பி, ஆறுது. சாப்பிடும்போது பேசக் கூடாது. பேசினா விக்கும்.” அவர் வாயைத் திறக்கிறபோதெல்லாம் இன்னொரு அகப்பை கொட்டினேன். பாவம், அந்தப் பிள்ளை எழுந்திருக்க முடியாமல் எழுந்து கைகழுவப் போனது.

இரக்கப்பட்டு அப்படிச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மலைக்கோட்டையாரைத் தோற்கடிக்க வேண்டியது நான். இத்தனை வருஷம் நான் போட்ட சண்டையை, நேற்று வந்த ஒரு பிள்ளை சோற்றுக் கையோடு முடித்துவிட்டுப் போவதா?

சிற்பி போனதும் மலைக்கோட்டையார் என் பக்கம் திரும்பினார்.

“அவன் திருச்சிக்காரனே இல்ல.”

“நானும் அதத்தாண்ணே நெனச்சேன்” என்றேன்.

“உறையூருங்கிறான், ரம்பை தெரியலங்கிறான்!”

“கல்லோட பழகிப் பழகி நாக்கும் கல்லாப் போச்சுண்ணே.”

வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றோம். மிச்சப் பருப்பை அவர் எனக்குக் கொடுத்தார், மிச்சக் கத்தரிக்காயை நான் அவருக்குக் கொடுத்தேன். சாப்பிட்டுப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள், ஒரே ருசிதான். மறுநாள் காலையில் சுவருக்கு மேலே, “ஏ மதுரைக்காரி, உன் கத்தரிக்காயில உப்பு கூட” என்று குரல் வந்ததும்தான் எனக்குத் தேத்தண்ணி இறங்கியது.

பிறகு கொழும்பிலிருக்கிற அவருடைய மகன் வந்து, “அப்பா, திருச்சிக்கு ஒருக்காக் கூட்டிட்டுப் போறேன், பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வாங்க” என்று நின்றான். கொழும்பில் பிளேன் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் திருச்சியில் இறக்கிவிடுவார்களாம். மனுஷன் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “நான் போயிட்டா இங்க திருச்சிக்கு யாரு பேசுறது? இந்த மதுரைக்காரியத் தனியா விட்டா ஊரையே கெடுத்துருவா” என்று அவர் சொன்னது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. எவ்வளவு திமிர் பாருங்கள். என் மூத்த மகனும் என்னை மதுரைக்குக் கூப்பிட்டான். நானும் போகவில்லை. என் காரணத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட வாய்தான் இப்போது மூடிக் கிடக்கிறது. செல்வி வந்து, “பெரியம்மா, மாமா கஞ்சி குடிக்கிறாரு, தலைய ஆட்டுறாரு, ஆனா பேச மாட்டேங்கிறாரு. செவத்தப் பாத்துக்கிட்டே படுத்திருக்காரு” என்று கண்ணைத் துடைத்தாள். அழாதே, அது நடிப்பு என்றேன். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் ஆண்கள் இப்படித்தான் படுத்துக்கொள்வார்கள்.

நானும் சும்மா விடவில்லை. தினம் சாயந்தரம் சுவரோரம் போய், “மலைக்கோட்டை ஒரு கூழாங்கல்லு” என்கிறேன். பதில் இல்லை. “காவேரியில மணல் லாரிதான் ஓடுது” என்கிறேன். ஒரு இருமல் மட்டும். நேற்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு, “சரிண்ணே, திருச்சியும் நல்ல ஊர்தான்” என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த மனுஷனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை யாராவது சத்தம் போட்டு வாசித்தால், படுத்துக்கொண்டே ஒவ்வொரு வரிக்கும் மறுப்புச் சொல்லுவார். அச்சில் வந்த பொய்யை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். அச்சுக்குப் போக நாளாகும். அதுவரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது.

தர்ஷினி, எழுதினதை ஒருக்கா வாசித்துக் காட்டு பார்ப்போம். அங்கே வேண்டாம், சுவர்ப் பக்கமாக வந்து உட்கார். சத்தமாக வாசி. அந்தக் கூழாங்கல் வருகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசி. வாசித்துவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போகாதே. அங்கே கொஞ்சம் நிறுத்து. பதில் சொல்ல அந்த மனுஷனுக்கு நேரம் வேண்டுமல்லவா?